வெல்டிங் செய்த அலுமினிய மூட்டு சூட்டில் எவ்வளவு தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகத்துவாரத்தில் படகு கட்டுவோர், பஞ்சிகாவத்தையில் ராடியேட்டரும் இன்டர்கூலரும் திருத்துவோர், பவுசர் தொட்டி செய்வோர், பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படிக்கும் மாணவர் என்று பலதரப்பட்டவர்களும் கொழும்பில் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள்: வெல்டிங் செய்த அலுமினியம் சூட்டைத் தாங்குமா? தாங்கும் என்றோ தாங்காது என்றோ ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. எந்தக் கலப்புலோகம், மூட்டை நிரப்ப உருக்கும் கம்பி எது, எத்தனை பாகை, எவ்வளவு நேரம் என்ற நான்கும் தெரிந்த பிறகே பதில் சொல்லலாம். இவற்றுள் நேரத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பதே என் பெரிய கவலை. ஆகவே கீழே பல இடங்களில் அதை வலியுறுத்தியிருக்கிறேன்.

தகட்டின் சான்றிதழில் உள்ள வலிமையை மூட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சான்றிதழில் உள்ள எண் வெல்டிங் படாத தகட்டுக்குரியது. 6061-டி6 என்ற அலுமினியக் கலப்புலோகத் தகட்டின் குறைந்தபட்ச இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் உச்ச அளவு, 290 மெகாபஸ்கால் (சதுர மில்லிமீற்றருக்கு 290 நியூட்டன் விசை). அதே தகட்டை வெல்டிங் செய்து குறுக்காக இழுத்துப் பார்க்கும்போது, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.2 விதி கேட்கும் குறைந்தபட்சம் 165 மெகாபஸ்கால் மட்டுமே. நல்ல கைகாரர் நல்ல இயந்திரத்தில் ஒரு குறையுமின்றிச் செய்த மூட்டுக்கும் இதே எண்தான். ஏனெனில் இந்த இழப்பு வேலையில் உள்ள குறையால் வருவதன்று. சூடு பட்டதால் உலோகத்துக்குள் நேர்ந்த மாற்றத்தால் வருவது. சூட்டில் இயங்கும் பொருளைக் கணக்கிடுவோர் முதலில் இந்த 165 இலிருந்து தொடங்க வேண்டும். அதன் பிறகே வெப்பநிலைக்கான குறைப்பைக் கழிக்க வேண்டும். சான்றிதழில் உள்ள எண்ணிலிருந்து நேராக வெப்பநிலைக் குறைப்புக்குப் போனால், வெல்டிங்கினால் வந்த முதலாவது இழப்பு கணக்கில் சேராமலே போய்விடும்.

குறையில்லாமல் வெல்டிங் செய்தாலும் 6061 ஏன் வலிமை குறைந்து மெலிகிறது?

6061 இல் ஏறக்குறைய 1 சதவீதம் மகனீசியமும் 0.6 சதவீதம் சிலிக்கனும் உள்ளன. தகட்டை 530 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 160 முதல் 175 பாகை வரையான சூட்டில் பல மணிநேரம் வைத்திருக்கும்போது, இவ்விரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துணிக்கைகளாக உலோகம் முழுவதும் வீழ்படிகின்றன. உலோகம் நெளிவதற்குப் படிகங்களுக்குள் இடப்பெயர்வுகள் (அணு வரிசையில் உள்ள குறைகள்) நகர வேண்டும். அந்த நகர்வை மறிப்பவை இத்துணிக்கைகள். டி6 என்ற குறியின் பொருள் இந்தச் சமைப்பு முறையே. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த அலுமினியக் கலப்புலோகம் பிறகு நேரம் செல்லச் செல்லக் கடினமாகும் என்பதை 1906 இல் ஜெர்மனியில் அல்பிரெட் வில்ம் கண்டறிந்தார். இன்றைய விமான உலோகங்கள் பலவற்றின் அடிப்படை அது.

வெல்டிங் செய்யும்போது உருகிய இடத்துக்கு அடுத்த பகுதி சில விநாடிகளில் 300, 400, 500 பாகையைத் தொட்டு இறங்குகிறது. அங்கே நுண்ணிய துணிக்கைகள் சில கரைந்துவிடுகின்றன, மற்றவை ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துவிடுகின்றன. நெருக்கமாக அலம்பல் கட்டிய வேலியைப் பிரித்துவிட்டு அதே மரத்தை ஆங்காங்கே நாலு தடித்த கட்டைகளாக நட்டால் கோழி இடைவெளியால் நுழைந்து போய்விடும்; மரத்தின் அளவு குறையவில்லை, மறிப்புத்தான் போய்விட்டது. வெப்பம் பாதித்த பகுதி என்று நாம் சொல்லும் இடத்தில் இதுதான் நடக்கிறது. அதனால்தான் 6061 மூட்டை இழுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் வெல்டிங் தையலில் அறுவதில்லை. தையலிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளி, வெளிப்பார்வைக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும் தகட்டில் அறுகிறது. ஐரோப்பிய வடிவமைப்பு விதியான யூரோகோட் 9, மிக் வெல்டிங்கில் (கம்பியே மின்வில்லில் உருகி ஊட்டப்படும் முறை) 6 மில்லிமீற்றர் வரையான தகட்டுக்குத் தையலின் ஒவ்வொரு பக்கமும் 20 மில்லிமீற்றரையும், டிக் வெல்டிங்கில் (உருகாத டங்ஸ்டன் முனையால் செய்யும் முறை) 30 மில்லிமீற்றரையும் மெலிந்த பகுதியாகக் கொள்ளச் சொல்கிறது. டிக்கின் தையல் அழகாக இருக்கும். ஆனால் அது மெதுவாக நகர்வதால் கூடுதலான சூடு தகட்டுக்குள் இறங்குகிறது.

வெல்டிங் படாத தகடே சூட்டில் எவ்வளவு இழக்கும்?

10,000 மணிநேரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருந்து, அதே சூட்டில் இழுத்துப் பார்த்த வழமையான மதிப்புகளைத் தருகிறேன். 6061-டி6 இன் இழுவலிமை அறை வெப்பநிலையில் 310 மெகாபஸ்கால். 100 பாகையில் 290, இழப்புச் சொற்பம். 149 பாகையில் 234. 204 பாகையில் 131 ஆகச் சரிகிறது. 260 பாகையில் 51 மட்டுமே மிஞ்சுகிறது. நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லையை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: அறை வெப்பநிலையில் 276 ஆக இருந்தது 204 பாகையில் 103 ஆகவும், 260 பாகையில் 34 ஆகவும் விழுகிறது.

இந்த எண்களின் நடுவில் ஒரு செங்குத்தான இறக்கம் இருப்பதைக் கவனியுங்கள். 150 பாகைக்கும் 200 பாகைக்கும் இடையில் வலிமை ஏறத்தாழ பாதியாகிறது. காரணம் மேலே சொன்னதுதான். டி6 நிலையை உண்டாக்கிய சூடே 160, 175 பாகை. அதே சூட்டில் பொருளைத் தொடர்ந்து இயக்கினால் சமைப்பு நிற்காமல் தொடர்கிறது, துணிக்கைகள் பருக்கின்றன. ஆகவே 175 பாகையில் ஒரு மணிநேரம் இயங்கும் பொருளையும் 175 பாகையில் ஒரு வருடம் இயங்கும் பொருளையும் ஒன்றாகக் கருதவே முடியாது.

சூடு கூடும்போது மூட்டின் செயல்திறன் விகிதம் உயர்கிறது என்று ஆய்வறிக்கைகளில் படித்தேன். வெல்டிங் மூட்டு சூட்டில் நன்றாக வேலை செய்கிறது என்பதா அதன் பொருள்?

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய விடயம். செயல்திறன் விகிதம் என்பது மூட்டின் வலிமையை அதே வெப்பநிலையில் தகட்டின் வலிமையால் வகுத்து வருவது. 6061 போன்ற கலப்புலோகத்தில் அறை வெப்பநிலையில் இது 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 200 பாகையிலும் அதற்கு மேலும் நீண்ட நேரம் வைத்துச் சோதித்தால் விகிதம் மேலே ஏறுவது உண்மைதான். ஆனால் மூட்டு வலுப்பெற்றதால் விகிதம் ஏறவில்லை. தகடு இறங்கி வந்து மூட்டின் நிலையை அடைந்திருக்கிறது. மூட்டின் அருகே வெல்டிங் சில விநாடிகளில் செய்த வேலையை, இயக்கச் சூடு பல நூறு மணிநேரத்தில் தகடு முழுவதற்கும் செய்து முடித்திருக்கிறது.

ஆகவே 90 சதவீதம் என்ற எண்ணை அறிக்கையில் கண்டவுடன் மகிழாமல், அது எதில் 90 சதவீதம் என்று கேளுங்கள். 131 மெகாபஸ்காலில் 90 சதவீதம் என்பது 118. வடிவமைப்புக்கு வேண்டியது மெகாபஸ்காலே தவிர விகிதம் அன்று. விகிதத்தை மட்டும் கொடுத்து, மெகாபஸ்காலைக் கொடுக்காத அறிக்கையை வைத்து எவரும் தொட்டி கட்டக் கூடாது.

5083 தகடு வெல்டிங்குக்குப் பிறகும் வலுவாக இருக்கிறதே. சூட்டுக்கும் அதையே போடலாமா?

படகுக்காரர்களின் முதல் தெரிவு 5083. அதற்கு நல்ல காரணம் உண்டு. இதன் வலிமை துணிக்கைகளால் வருவதன்று. 4 முதல் 4.9 சதவீதம் வரையான மகனீசியம் உலோகத்துக்குள் கரைந்து நிற்பதால் வருவது. எனவே மென்மையாக்கிய ஓ நிலையிலேயே 275 மெகாபஸ்கால் குறைந்தபட்ச இழுவலிமை கிடைக்கிறது. வெல்டிங் சூடு அதற்குக் கீழே இறக்குவதில்லை. சூட்டில் செய்த இழுவலிமைச் சோதனையைப் பார்த்தாலும் 5083 வெல்லும்: 204 பாகையில் அதன் இழுவலிமை 150 மெகாபஸ்கால், 260 பாகையில் 117. அதாவது 260 பாகையில் 6061-டி6 ஐ விட இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். மகனீசியம் 3 சதவீதத்தைத் தாண்டிய கலப்புலோகங்களை 65 பாகைக்கு மேல் நீண்ட காலம் வைத்திருக்கக் கூடாது. கரைந்து நின்ற மகனீசியம் மெல்ல நகர்ந்து, படிகமணிகளின் எல்லைகளில் அலுமினியத்தோடு சேர்ந்து தொடர்ச்சியான ஒரு படலமாகப் படிகிறது. இந்தப் படலம் கடல்நீரில் மற்ற உலோகத்தை விட முந்தி அரிக்கப்படும். பிறகு இழுவிசை உள்ள இடத்தில் மணி எல்லை வழியே வெடிப்பு ஓடும். இழுவலிமைச் சோதனை இதைக் காட்டாது. தகடு தன் 275 ஐக் கொடுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே அரிப்புக்கு வழி திறந்திருக்கும். அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு 5083 ஐ 65 பாகையோடு நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணம்.

65 பாகை என்பது நம் நாட்டில் பெரிய சூடன்று. கருநிறப் பூச்சுப் பூசிய மேற்றளம் நண்பகல் வெயிலில் அதை நெருங்கும். இயந்திர அறையில் புகைக்குழாயை ஒட்டிய தடுப்புச் சுவர் அதைத் தாண்டும். அமெரிக்கக் கடற்படையின் டைகோண்டரோகா வகைக் கப்பல்களின் மேற்கட்டுமானம் மகனீசியம் 5 சதவீதத்தை ஒட்டிய 5456 தகட்டால் கட்டப்பட்டது. காலப்போக்கில் அதில் வெடிப்புகள் தோன்றியதும், அவற்றுக்கு இந்த மகனீசியப் படிவு ஒரு முக்கிய காரணம் என்று அறியப்பட்டதும் இத்துறையில் எல்லோருக்கும் பாடமாக உள்ளன. தகடு வாங்குவோர், அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த ஜி67 சோதனையின் பெறுபேற்றைக் கேட்கலாம். நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்து எடையிழப்பைப் பார்ப்பது இச்சோதனை. அதே அமைப்பின் கடல்சார் தகடுகளுக்கான பி928 விதிப்படி சதுர சென்ரிமீற்றருக்கு 15 மில்லிகிராம் வரை இழந்தால் ஏற்கலாம். 25 ஐத் தாண்டினால் தள்ளிவிட வேண்டும்.

அப்படியானால் 65 பாகைக்கு மேல் எந்தத் தகடு?

தார் பவுசர், சூடான எண்ணெய்த் தொட்டி போன்றவற்றுக்கு 5454 என்பதே என் பதில். அதில் மகனீசியம் 2.4 முதல் 3 சதவீதம் வரைதான். அறை வெப்பநிலையில் 5083 ஐ விட மெலிந்தது. ஓ நிலையில் வழமையான இழுவலிமை 250 மெகாபஸ்கால். ஆனால் 204 பாகையில் இரண்டும் 150 இல் சமமாகின்றன. 260 பாகையிலும் 115, 117 என்று ஒட்டியே நிற்கின்றன. 5083 இன் கூடுதல் மகனீசியம் சூட்டில் எதையும் தராமல் வெடிப்பு ஆபத்தை மட்டும் தருகிறது என்றால், அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? விலைப்பட்டியலில் அறை வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

நிரப்புக் கம்பி 5356 தான் கையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதைப் பாவிக்கலாமா?

பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் அலுமினியக் கம்பி கேட்போர் பெரும்பாலும் 4043, 5356 என்ற இரண்டு எண்களைத்தான் கேட்பார்கள். 5356 விறைப்பானது, மிக் இயந்திரத்தின் குழாயில் சிக்காமல் ஓடும், அனோடைஸ் செய்தால் (மின்முறையில் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் வளர்த்தால்) நிறம் தகட்டோடு பொருந்தும். 4043 தையல் அனோடைஸில் கருஞ்சாம்பலாகிவிடும். ஆகவே வேலை செய்பவர் 5356 ஐ விரும்புவது இயல்பு. அறை வெப்பநிலையில் இயங்கும் பொருளுக்கு அதில் தவறில்லை.

சூட்டில் இயங்கும் பொருளுக்கு 5356 கூடாது. அதன் மகனீசியம் 4.5 முதல் 5.5 சதவீதம் வரை. தகட்டை 5454 என்று கவனமாகத் தெரிந்தெடுத்துவிட்டு 5356 கம்பியால் தைத்தால், 65 பாகைச் சிக்கலை நாமே தையலுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். 5183, 5556 கம்பிகளுக்கும் இதே தடை உண்டு. 5454 தகட்டுக்கு 5554 கம்பியும், 6061 அல்லது 6063 தகட்டுக்கு 4043 கம்பியும் சூட்டுக்கு ஏற்றவை. ஆனால் 4043 ஐ 5083 தகட்டில் போடாதீர்கள். கம்பியின் சிலிக்கனும் தகட்டின் மகனீசியமும் சேர்ந்து நொறுங்கும் தன்மையுள்ள சேர்வையை உண்டாக்கும். அந்தத் தையல் வளையாது, உடையும். கம்பிச் சுருளின் எண் ஒட்டிய துண்டைக் கிழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை அலுமாரியில் வைப்பது சில பட்டறைகளில் வழக்கமாக உள்ளது. அந்தத் துண்டு இல்லாத சுருளைச் சூட்டு வேலைக்கு எடுக்கவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். பார்வையால் 5356 ஐயும் 5554 ஐயும் வேறுபடுத்த எவராலும் முடியாது.

திருத்திய இன்டர்கூலர் (டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஏன் மறுபடி அதே இடத்தில் வெடிக்கிறது?

அதே இடத்தில் வெடிப்பதுபோல் தோன்றும். வில்லை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை தெரியும். தையலின் முதுகு உயர்ந்து குவிந்திருக்கும். அந்தக் குவிவு தகட்டைத் தொடும் விளிம்பில், தலைமயிர் அளவு கரிய கோடு ஒன்று எண்ணெய்க் கசிவோடு ஓடும். தையல் உடையவில்லை. அதன் ஓரத்தில் மெலிந்த தகடு பிளந்திருக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்று சுமை ஏறும்போது 150 பாகையை எட்டக்கூடும். அதோடு அமுக்கம் ஏறி இறங்குவதும் வாகனத்தின் அதிர்வும் சேர்கின்றன. குவிந்த தையலின் விளிம்பில் தகைப்பு (பரப்பலகின் மீதான விசை) குவியும், அந்த விளிம்பேதான் மூட்டில் மிக மெலிந்த பட்டிக்கு அருகில் இருப்பதும்.

இந்நிலையில் பழைய தையலின்மேல் இன்னொரு தையல் போடுவது மெலிந்த பட்டியை இன்னும் அகலமாக்கும். செய்ய வேண்டியது, வெடிப்பு முழுவதையும் அரைத்து எடுத்து, எண்ணெயை அசிற்றோனால் போக்கி, துருப்பிடியா உருக்குத் தூரிகையால் தேய்த்து, ஒரே ஓட்டத்தில் தட்டையான தையல் போட்டு, விளிம்பை மென்மையாக இழைத்துவிடுவதே. உட்கூட்டின் குழாய்கள் ஏறத்தாழ 580 பாகையில் உருகும் சிலிக்கன் கலவையால் பற்றவைக்கப்பட்டவை. ஆகவே அதன் அருகில் சூட்டை நிறுத்திவைத்தால் ஒரு கசிவை அடைக்கப் போய் பல கசிவுகளைத் திறந்துவிடுவோம்.

முன்சூடு கொடுத்தால் மூட்டு நன்றாக வரும் என்கிறார்களே?

தடித்த வார்ப்புக்குச் சிறிதளவு முன்சூடு உதவும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்துவதால், குளிர்ந்த தடித்த துண்டில் தையல் வேர் பிடிக்காமல் மேலே மிதக்கும். ஆனால் நம் பட்டறைகளில் தகட்டில் சவர்க்காரம் பூசி, அது கருக்கும்வரை சுவாலை காட்டும் பழக்கம் இருக்கிறது. சவர்க்காரம் கருக்கும் சூடு தகட்டை மென்மையாக்கும் சூடு. தகடடிப்பவர்கள் உலோகத்தை வளைப்பதற்கு முன் பாவிக்கும் அடையாளம் அது. 6061-டி6 தகட்டில் அதைச் செய்தால் மூட்டு மட்டுமன்றிச் சுற்றியுள்ள பெரும்பகுதியும் மெலிந்துவிடும். 6061 இல் முன்சூடும் அடுக்குகளுக்கு இடைப்பட்ட சூடும் 120 பாகையைத் தாண்டாமலிருப்பது நல்ல வரம்பு. சுவாலையால் சூடாக்கி நெளிவு நிமிர்த்துவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வலிமை எல்லைக்குள் சுமை இருந்தும் சூட்டில் பொருள் மெல்ல நீளுமா?

நீளும். இதை ஊர்வு என்பர். ஓர் உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து, அதில் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால் ஊர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டி. தூய அலுமினியம் 660 பாகையில், அதாவது 933 கெல்வினில் உருகுகிறது. பத்தில் நான்கு பங்கு 373 கெல்வின்; அது 100 பாகை செல்சியஸ். பாதி, 193 பாகை. இரும்போடு பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். உருக்கில் 100 பாகையில் ஊர்வைப் பற்றி எவரும் நினைப்பதேயில்லை.

மூட்டில் ஊர்வு எங்கும் ஒரே அளவாக நடப்பதில்லை. மெலிந்த பட்டி முந்தி நீள்கிறது, சுற்றியுள்ள தகடு அதைப் பிடித்து நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே தகைப்பு இடம் மாறுகிறது. இன்னொரு விளைவும் உண்டு: உருக்கு ஆணிகளால் இறுக்கிய அலுமினிய விளிம்புத்தட்டு சூடேறும்போது, ஆணியை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிய முனைகிறது, விரிய இடமின்றி அமுங்கி ஊர்கிறது, குளிர்ந்ததும் இறுக்கம் தளர்ந்து கசிகிறது. வெல்டிங்கைக் குறை சொல்லிக் கொண்டுவரப்படும் கசிவுகளில் சில இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே தையலைத் தொடுமுன் ஆணிகளின் இறுக்கத்தைப் பாருங்கள்.

கொழும்பின் ஈரக் காற்று மூட்டைப் பாதிக்குமா?

நிச்சயமாகப் பாதிக்கும். உருகிய அலுமினியம் ஐதரசனைத் தாராளமாகக் கரைக்கும். உறைந்ததும் அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் குமிழிகளாகத் தையலுக்குள் சிக்குகிறது. ஐதரசனின் முதன்மை மூலம் ஈரமும் எண்ணெயும். குளிரூட்டிய அறையில் வைத்த கம்பியையோ தகட்டையோ வெளியே எடுத்தவுடன், மே மாதத்திலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் அதில் மெல்லிய படலமாக ஒடுங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தையலில் தெரியும். பெட்டியைத் திறக்காமல் வேலைத்தளத்தின் வெப்பநிலைக்கு வரும்வரை வைத்துவிட்டுத் திறப்பதே சரி. குமிழிகள் தையலின் குறுக்குவெட்டைத் தின்றுவிடுகின்றன. சூட்டில் வலிமைக்கு இருக்கும் இடைவெளி ஏற்கெனவே குறுகியிருப்பதால், அறை வெப்பநிலையில் பொறுக்கக்கூடிய குமிழி அங்கே பொறுக்க முடியாததாகிறது.

வெல்டிங்குக்குப் பிறகு மறுபடி சமைத்து வலிமையை மீட்கலாமா?

சிறிய பொருளாயின் மீட்கலாம். 530 பாகையில் கரைத்து, நீரில் குளிர்வித்து, 175 பாகையில் 8 மணிநேரம் வைத்தால் தகடு டி6 நிலைக்குத் திரும்பும். சாதாரண 4043 தையல் இதற்கு நன்றாக இணங்காது. சிறிதளவு மகனீசியம் சேர்த்த 4643 கம்பி இதற்காகவே உண்டு. படகையோ பவுசரையோ இப்படிச் செய்ய இயலாது. நீரில் போட்டதும் முறுகிவிடும். டி4 நிலையில் (கரைத்துக் குளிர்வித்து, இன்னும் சூட்டில் சமைக்காத நிலை) வெல்டிங் செய்து, பிறகு 175 பாகைச் சமைப்பை மட்டும் கொடுப்பது நடுவழி. ஆனால் இயக்கச் சூடே 175 ஐ நெருங்குமானால், மீட்ட வலிமை சில மாதங்களில் மறுபடி போய்விடும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வது கடமை.

தீ விபத்தில் அலுமினிய மூட்டு எவ்வளவு நேரம் நிற்கும்?

பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் மிகச் சொற்ப நேரமே நிற்கும். கட்டடத் தீச் சோதனைகளில் பாவிக்கும் நியம வெப்பநிலைக் கோடு 30 நிமிடத்தில் 842 பாகையைத் தொடுகிறது; 6061 உருகத் தொடங்குவது 582 பாகையிலேயே. உருகுவதற்கு நெடுநேரம் முன்பே, 200 பாகையைத் தாண்டியதும் தாங்குதிறன் சரியத் தொடங்கிவிடும். விறைப்பும் சேர்ந்து குறையும்: யூரோகோட் 9 இன் தீப் பகுதியில் 20 பாகையில் 70,000 மெகாபஸ்காலாக உள்ள நெகிழ்ச்சிக் குணகம், 300 பாகையில் 47,600 ஆகக் கொள்ளப்படுகிறது. 1975 நவம்பரில் சிசிலிக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் பெல்க்நப், விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றோடு மோதித் தீப்பற்றியபோது அதன் அலுமினிய மேற்கட்டுமானம் அழிந்துபோனது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் விதிகள், அலுமினியத் தாங்கு பாகங்களின் உட்பகுதி தீச் சோதனையில் சுற்றுப்புறத்தை விட 200 பாகைக்கு மேல் சூடேறாதவாறு காப்பிடச் சொல்கின்றன. பயணிகள் படகு கட்டுவோர் எடையைக் காரணம் காட்டி இந்தக் காப்பை மெலிதாக்குவதை ஏற்கவே முடியாது.

தீப்பட்ட அல்லது அதிகமாகச் சூடேறிய பொருளை மறுபடி பாவிக்கலாமா என்று எப்படி அறிவது?

நிறத்தை நம்பாதீர்கள், அலுமினியம் உருக்குப்போல் நீலமோ சிவப்போ காட்டாது. கடினத்தன்மையை அளந்து பாருங்கள். 6061-டி6 இன் பிரினெல் கடினத்தன்மை 95 அளவில் இருக்கும், முற்றாக மென்மையானால் 30. அலுமினிய யன்னல் செய்வோர் பாவிக்கும் கையடக்க வெப்ஸ்டர் கருவியால், சூடுபட்ட இடத்தையும் படாத இடத்தையும் ஒப்பிட்டாலே நிலைமை பெரும்பாலும் புரிந்துவிடும். மின்கடத்துதிறனும் உதவும்: தூய செம்போடு ஒப்பிட்டால் டி6 நிலையில் 43 சதவீதம், மென்மையான நிலையில் 47 சதவீதம். 5083 இல் கடினத்தன்மையை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. அங்கே மணி எல்லைப் படிவுதான் கேள்வி, அதற்கு ஜி67 சோதனையே பதில்.

மூட்டைச் சூட்டில் சோதிப்பதானால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

சோதனைத் துண்டை இயக்க வெப்பநிலைக்கு ஏற்றியதும் இழுக்காமல், முதலில் அந்தச் சூட்டில் ஊறவைக்கச் சொல்லுங்கள். உலையில் அரை மணிநேரம் வைத்து இழுத்தால் 200 பாகையில் 6061 நல்ல எண்ணைக் காட்டும். அந்த எண் உங்கள் தொட்டியின் இரண்டாவது வருடத்துக்குப் பொருந்தாது. இயலுமான மட்டும் பல நூறு மணிநேரம் ஊறவைத்த துண்டுகளையும் ஊறாத துண்டுகளையும் சேர்த்துச் சோதியுங்கள். எங்கே அறுந்தது என்பதை ஒவ்வொரு துண்டுக்கும் எழுதச் சொல்லுங்கள்: தையலிலா, விளிம்பிலா, மெலிந்த பட்டியிலா, தகட்டிலா என்று. நீட்சி சதவீதத்தைப் படிக்கும்போது, எத்தனை மில்லிமீற்றர் நீளத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். நெளிவு முழுவதும் ஒடுங்கிய பட்டியில் நடப்பதால், அளக்கும் நீளத்தை மாற்றினால் சதவீதமும் மாறிவிடும்.

உராய்வுக் கலக்கு வெல்டிங் இதற்குத் தீர்வாகுமா?

1991 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள வெல்டிங் ஆய்வு நிலையத்தில் உருவான இம்முறையில், சுழலும் கருவி உராய்வால் தகடுகளை மென்மையாக்கிக் கலந்து இணைக்கிறது; உலோகம் உருகுவதில்லை. குமிழி இல்லை, உறையும்போது வரும் வெடிப்பும் இல்லை. மெலிந்த பட்டி குறுகும், ஆனால் முற்றாக மறையாது. 200 பாகையில் நீண்ட காலம் இயங்கும்போது தகடே சமைந்து மெலிவதை எந்த வெல்டிங் முறையாலும் தடுக்க முடியாது.

200 பாகைக்கு மேல் தொடர்ந்து இயங்க வேண்டியிருந்தால்?

செம்பு 6 சதவீதத்தை ஒட்டிய 2219 என்ற கலப்புலோகம் 300 பாகை வரை பயன்படும், 2319 கம்பியால் வெல்டிங்கும் செய்யலாம். அமெரிக்க விண்ணோடத்தின் வெளித்தொட்டி முதலில் அதனால்தான் கட்டப்பட்டது. ஆனால் கடற்காற்றில் அது எளிதில் அரிக்கப்படும், விலையும் அதிகம். கொழும்பில் ஒரு புகைக்குழாய்க்கோ கொதிகலன் துணைக்கோ அதைத் தேடி அலைவதை விட, அந்தப் பகுதியைத் துருப்பிடியா உருக்கால் செய்து, அலுமினியத்தோடு தொடும் இடத்தில் மின்னரிப்பைத் தடுக்கும் காப்புத் தகடு வைத்து ஆணியால் இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.